சித்தியும் நாலு மாதக் குழந்தையும்

சென்ற இதழில், வீட்டுப் புகைப்படங்களை வைத்துக்கொண்டு வேலை செய்கிற ஓவியர்களைப் பற்றிச் சின்னக் குறிப்பு ஒன்று எழுதியிருந்தேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. முக்கால்வாசிக் கடிதங்களில் கலை இல்லை, அவரவர் வீட்டு ஆல்பம்தான் இருக்கிறது. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே. புதிதாக வந்தவர்களுக்கு: நான் தஞ்சாவூர்க்காரி. பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா கீழராஜ வீதியில் ஒரு ஸ்டுடியோவில் டச்சிங் வேலை, அதாவது நெகட்டிவில் முகத்தைத் திருத்துகிற வேலை பார்த்தவர். கேள்விகளுக்குப் போகலாம்.

எனக்கு இரண்டு வயதில், முற்றத்தில் மரக்குதிரை மேல் உட்கார வைத்து எடுத்த படம் ஒன்று இருக்கிறது. அன்றைக்கு வெயில் தொடையைச் சுட்டது, குதிரையின் காதில் பெயின்ட் உரிந்திருந்தது எல்லாம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் கணவரோ, "படத்தைப் பார்த்துப் பார்த்து நீயே கட்டிய கதை" என்கிறார். யார் சொல்வது சரி?
*– வாசகி, காரைக்குடி*

தீர்ப்பு சொல்லி உங்கள் வீட்டில் சண்டை மூட்ட மாட்டேன். ஆனால் இரண்டு வயது என்பதுதான் இடிக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு முதல் நினைவே மூன்று, மூன்றரை வயதில்தான் ஆரம்பிக்கிறது என்பது உளவியல்காரர்கள் கண்டது. 2002இல் நியூசிலாந்து, கனடா ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். 20 பேரின் சின்ன வயதுப் படங்களை வீட்டாரிடம் ரகசியமாக வாங்கி, அவர்கள் வெப்பக்காற்று பலூனில் பறப்பதுபோல ஒட்டுவேலை செய்து காட்டினார்கள். நிஜத்தில் அவர்களில் ஒருவரும் பலூனில் ஏறியதில்லை. மூன்று தடவை உட்கார வைத்துப் பேசி முடிப்பதற்குள் பாதிப் பேர், முழுதாகவோ அரைகுறையாகவோ, "ஆமாம், ஞாபகம் வருகிறது" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

நீங்களே ஒரு பரீட்சை வைத்துப் பாருங்கள். அந்த நினைவில் உங்கள் முகம் உங்களுக்குத் தெரிகிறதா? குதிரை மேல் உட்கார்ந்திருப்பவளுக்குக் குதிரையின் பிடரிதான் தெரிய வேண்டும். முகம் தெரிந்தால், கேமரா நின்ற இடத்தில் நின்றுகொண்டு பார்க்கிறீர்கள் என்று பொருள். இதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடவும் வேண்டாம். நிஜ நினைவுகளும் சில சமயம் அப்படி வெளியிலிருந்து பார்ப்பதாக வரும். அடுத்து, உரிந்த பெயின்ட் படத்திலேயே தெரிகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். தெரிந்தால் அந்த ஒரு பாயின்ட் உங்கள் கணவருக்கு. வெயில் சுட்டது படத்தில் விழாது. அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

அந்தக் காலத்துக் குடும்பப் படங்களில் ஏன் ஒருத்தர்கூடச் சிரிப்பதில்லை?
*– பிளஸ் டூ மாணவி, மன்னார்குடி*

மற்ற ஸ்டுடியோக்களில் என்ன காரணமோ, எங்கள் அப்பா சொன்ன காரணம்: சிரித்தால் கண் சுருங்கும், கன்னம் மடியும், டச்சிங் வேலை இரட்டிப்பாகும்.

டச்சிங் என்றால் உனக்குத் தெரியாது, சொல்கிறேன். சாய்வான ஒரு டெஸ்க், நடுவில் ஓட்டை, அடியில் கண்ணாடி. ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு மேலே வரும். அதன்மேல் நெகட்டிவை வைத்து, பென்சில் ஒட்டுவதற்கான மீடியம் தடவி, ஊசியாகச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்பார்கள். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுத்து வரும். கண்ணுக்குக் கீழே கருவளையம், நெற்றிச் சுருக்கம் எல்லாம் இப்படித்தான் போயின. என் அத்தைக்கு முகம் முழுக்க அம்மைத் தழும்பு. எங்கள் ஆல்பத்தில் ஒரு படத்திலும் அது கிடையாது. சொந்தத் தங்கை ஆயிற்றே, அப்பா விடிய விடிய உட்கார்ந்து அழித்திருக்கிறார். அத்தையைப் பார்க்காத பேரன் பேத்திகளுக்கு அவள் வழவழப்பான முகக்காரி. நான் தழும்போடுதான் அவளைப் பார்த்தேன், தொட்டும் பார்த்திருக்கிறேன். நான் போன பிறகு ஆல்பம் சொல்வதுதான் உண்மை.

பாட்டியின் பழைய ஸ்டுடியோ படத்தைக் கட்டம் போட்டு, கேன்வாஸில் ஆளுயரத்துக்கு வரைந்தேன். "இது காப்பி. இதில் நீ எங்கே இருக்கிறாய்?" என்று என் வாத்தியார் கேட்டுவிட்டார். போட்டோவைப் பார்த்து வரைந்தால் கலை ஆகாதா?
*– கவின்கலைக் கல்லூரி மாணவர், கும்பகோணம்*

தம்பி, கெர்ஹார்ட் ரிக்டர் என்ற ஜெர்மன் ஓவியர் கட்டம்கூடப் போடவில்லை. புரொஜெக்டர் மாதிரிக் கருவியால் போட்டோவைக் கேன்வாஸில் விழ வைத்து, அதன்மேலேயே சாம்பல் நிற எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். 1932இல் டிரெஸ்டனில் பிறந்தவர், 1961இல் கிழக்கு ஜெர்மனியிலிருந்து மேற்கே போய்விட்டார். அவர் சேர்த்துவைத்த படங்களின் பெருந்தொகுப்புக்கு 'அட்லஸ்' என்று பெயர். அது குடும்ப ஆல்பப் படங்களில்தான் தொடங்குகிறது.

1965இல் அவர் வரைந்த இரண்டு படங்களை மட்டும் பார்ப்போம். முதல் படத்தில் அவருடைய தாய்மாமன் ரூடி. ஜெர்மன் ராணுவத்தின் நீண்ட கோட், தொப்பி, முகம் நிறையச் சிரிப்பு. மருமகனுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுக்கிற மாமா மாதிரியே நிற்கிறார். போரில் செத்துப்போனவர். வீட்டில் எல்லாருக்கும் செல்லம். அந்தக் காலத்து ஜெர்மனியில் எத்தனையோ வீட்டு ஆல்பத்தில் இப்படி ஒரு மாமா இருந்தார், ஆனால் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ரிக்டர் அந்தப் படத்தை யாருக்குக் கொடுத்தார் தெரியுமா? செக் நாட்டில் லிடிட்சே என்று ஒரு கிராமம். 1942 ஜூனில் நாஜிகள் ஆண்களைச் சுட்டுக் கொன்று, ஊரையே தரைமட்டமாக்கினார்கள். அந்த ஊரின் நினைவாக 1967இல் பெர்லினில் ஓவியங்கள் சேர்த்தபோது, ரிக்டர் கொடுத்தது இந்த மாமாவை. ஹிட்லரின் ராணுவச் சீருடையில் சிரிக்கிற சொந்த மாமாவைக் கொல்லப்பட்டவர்களின் ஊருக்கு அனுப்பியிருக்கிறார். அது இன்றும் லிடிட்சே சேகரிப்பில்தான் இருக்கிறது.

இரண்டாவது, சித்தி மரியன்னே. மூலப் படம் 1932இல் எடுத்தது. முன்னால் நாலு மாதக் குழந்தை, அதுதான் ரிக்டர். பின்னால் 14 வயதுப் பெண், அம்மாவின் தங்கை. சாதாரணமான படம். நம் வீட்டில் எடுத்திருந்தால் குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு இருந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். பின்னாளில் அந்தப் பெண்ணுக்கு மனநோய் என்றார்கள். 1938இல் நாஜிச் சட்டப்படி கட்டாயக் கருத்தடை செய்தார்கள். 1945 பிப்ரவரியில், போர் முடியச் சில வாரங்களே இருந்தபோது, கிராஸ்ஷ்வைட்னிட்ஸ் மனநல விடுதியில் செத்தாள். பட்டினி போட்டும் மருந்தை ஏற்றியும் நோயாளிகளைச் சாகவிட்ட இடம் அது.

இன்னும் இருக்கிறது. 1964இல் ரிக்டர் இன்னொரு குடும்பப் படத்தையும் வரைந்திருந்தார். கடற்கரையில் தன் வீட்டாரோடு சிரித்துக்கொண்டு ஒருவர். அவர் ரிக்டரின் முதல் மனைவியின் அப்பா, ஹைன்ரிஷ் ஆய்ஃபிங்கர் என்ற மகப்பேறு மருத்துவர். நாஜிகளின் எஸ்.எஸ். படை அமைப்பில் இருந்தவர், டிரெஸ்டனில் அதே கட்டாயக் கருத்தடைத் திட்டத்தில் பங்கு பெற்றவர். வரைந்த காலத்தில் ரிக்டருக்கு இது தெரியாது. நாற்பது வருஷம் கழித்து ஒரு பத்திரிகையாளர் தோண்டி எடுத்த பிறகுதான் சித்தியும் மாமனாரும் ஒரே கதையின் இரு முனையில் நிற்கிறார்கள் என்பது வெளியே வந்தது. இரண்டு படத்தையும் வரைந்தவர் ஒருவரே. படங்கள் இரண்டும் வாயை மூடிக்கொண்டு அதே சுவரில் தொங்கியிருக்கலாம்.

வண்ணம் காய்வதற்கு முன் உலர்ந்த பிரஷ்ஷால் படம் முழுக்க இழுத்துவிடுவார் ரிக்டர். ஓரங்கள் கலங்கிப்போகும். எங்கள் அப்பா அழித்தது தழும்பை மறைக்க. ரிக்டர் கலைத்தது, இந்தப் படத்தை நம்பி எதையும் முடிவு கட்டாதே என்று சொல்ல. இதுதான் என் அபிப்பிராயம், வேறு மாதிரிச் சொல்கிற விமர்சகர்களும் உண்டு.

உன் வாத்தியார் கேட்டது நல்ல கேள்வி. பாட்டி அந்தப் படத்துக்கு நின்ற அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியுமா? புடவை அவளுடையதா, இரவல் வாங்கியதா? அந்தத் தகவல் எதுவும் இல்லாமல் ஆளுயரத்துக்கு வரைந்தால் அது என்லார்ஜ்மென்ட். ஊருக்குப் போய் விசாரித்துவிட்டு வா, கேன்வாஸ் எங்கும் ஓடிவிடாது.

எங்கள் வீட்டு ஆல்பத்தில் அப்பா இல்லவே இல்லை. அம்மா, அக்கா, நான், பக்கத்து வீட்டு நாய் எல்லாம் இருக்கிறோம். அவருக்கு எங்கள் மேல் பிரியம் இல்லையோ என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன்.
*– வங்கி ஊழியர், தென்காசி*

கேமரா யார் கையில் இருந்தது? அடுத்த தடவை படங்களைப் பார்க்கும்போது தரையைப் பாருங்கள். காலை, மாலை வெயிலில் எடுத்ததென்றால் எடுத்தவர் நிழல் எங்காவது விழுந்திருக்கும்.

இதற்கு நேர் எதிரான அப்பா ஒருவர் உண்டு. உம்ராவ் சிங் ஷெர்கில் (1870–1954). ஓவியர் அம்ரிதா ஷெர்கிலின் தகப்பனார், சமஸ்கிருதமும் பாரசீகமும் கற்றவர். புடாபெஸ்ட், பாரிஸ், சிம்லா என்று எங்கே குடியிருந்தாலும் மனைவியையும் இரண்டு மகள்களையும் எடுத்துத் தள்ளினார். தன்னையும் விடவில்லை. தலைமுடியை விரித்துப்போட்டு, யோகாசனத்தில், எழுதுமேசையில் என்று தன்னைத்தானே எடுத்துக்கொண்டே இருந்தார். அம்ரிதா 1941இல் 28 வயதில் லாகூரில் இறந்துபோனாள். தங்கை இந்திராவின் மகன், கலைஞர் விவான் சுந்தரம் பிறந்தது 1943இல். பார்த்தே இராத பெரியம்மா அவள். 2001–02இல் விவான், தாத்தா எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிப் புதுப் படங்கள் செய்தார். வேறு வேறு வருஷத்தில், வேறு வேறு ஊரில் எடுத்த ஆட்கள் ஒரே அறையில் வந்து நிற்பார்கள். ஒரு கண்ணாடியில் அப்பா தெரிவார், எதிரே மகள். அப்பாவுக்கு மகள் மேல் இருந்த பிரியத்தில் ஏதோ ஒரு அழுத்தமும் இருந்தது என்பது ஆல்பத்தில் தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது. ஒன்றின்மேல் ஒன்று வைத்ததும் தெரிகிறது.

95 இடம்பெயர்விலை யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடேக்கை ஆல்பத்தை எடுக்க ஒருத்தருக்கும் தோன்றேல்லை. என்ரை சின்ன வயசுப் படம் ஒண்டுகூட இல்லை. பிள்ளையள் கேட்டால் என்னத்தைக் காட்டுறது?
*– வாசகர், டொரொன்டோ*

ஐயா, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் கற்பிக்கிற தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ஒரு கலைநூல் இருக்கிறது. டச்சுக்காரர் காலத்து நிலப் பதிவேடான தோம்பின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார், முடிவுறாத தோம்பு என்று. இடம்பெயர்ந்தவர்களிடம் போய், விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து கீறித் தரச் சொன்னார். கேட்டு வாங்கியது போட்டோவை அல்ல, கோட்டுப்படத்தை. கிணறு, படலை, குசினி, மாமரம். ஒரு பக்கத்தில் அவர்கள் கையால் கீறிய நடுங்கும் கோடு, அதே வீடு கட்டடக்கலைஞரின் அளவான வரைபடமாக இன்னொரு பக்கத்தில், பிறகு சனாதனனின் சித்திரம். அலுவலகக் கோப்பு போலக் கட்டியிருக்கும், திறந்தால் வீடு வீடாக வரும்.

நீங்களும் ஒரு தாளை எடுத்துக் கீறுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது. "இங்கை என்ன இருந்தது?" என்று அவர்கள் கேட்பார்கள். கீறாமல் விட்ட மூலைதான் பேச்சைக் கொண்டுவரும். இன்னொன்று: உங்கள் ஆல்பம்தான் போயிற்று, மற்றவர்களுடையது போகவில்லை. 95க்கு முன்பே லண்டன், பாரிஸ் போன சொந்தக்காரருக்கு உங்கள் அம்மா படம் அனுப்பியிருப்பார். யாருடைய கலியாண ஆல்பத்திலோ பந்தியின் ஓரத்தில் நீங்கள் அரைக் கால்சட்டையோடு நிற்கிறீர்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்டுப் பாருங்கள்.

பிரெஞ்சுக் கலைஞர் போல்டான்ஸ்கி தன் சின்ன வயதென்று வேறு பிள்ளைகளின் படங்களைக் காட்டினார் என்று எழுதியிருந்தீர்கள். இதற்குப் பெயர் மோசடி இல்லையா?
*– ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், மதுரை*

வருகைப் பதிவேட்டில் செய்தால் மோசடிதான், ஐயா. கிறிஸ்டியன் போல்டான்ஸ்கி பிறந்தது 1944 செப்டம்பரில், பாரிஸ் விடுதலையாகிச் சில நாள்களில். அப்பா யூதர். நாஜிகளுக்குப் பயந்து சொந்த வீட்டின் தரைப்பலகைக்குக் கீழே ஒளிந்திருந்தவர். இப்படியொரு வீட்டில் வளர்ந்தவர், 1969இல் தன் முதல் சிறுநூலை வெளியிட்டார். தன் குழந்தைப் பருவத்தில் மிச்சமிருப்பது அனைத்தையும் தேடித் தொகுத்ததாக அதன் தலைப்பு சொல்லும். உள்ளே இருப்பவை மங்கலான சில படங்கள், ஒரு துண்டுத் துணி, தலைமுடி. அவருடையவைதானா என்று சொல்ல வழியில்லை. 1972இல் அடுத்த நூல். 1946 முதல் 1964 வரை தன் பத்துப் படங்கள் என்று தேதியும் வயதும் போட்டிருப்பார். எல்லாம் ஒரே பூங்காவில் எடுத்தவை. நிற்பவர்கள் வேறு வேறு பையன்கள். நாம் கேள்வி கேட்காமல் அடுத்தடுத்த பக்கத்துக்குப் போய்க்கொண்டே இருப்போம், ஏனென்றால் கீழே பெயரும் வயதும் அச்சிட்டிருக்கிறது.

எனக்கு அதைவிடப் பிடித்தது 1971இல் செய்தது. ஒரு நண்பரிடம் வீட்டு ஆல்பத்தைக் கடன் வாங்கி, 1939 முதல் 1964 வரையான சுமார் 150 படங்களைக் காலவரிசைப்படி அடுக்கிச் சுவர் முழுக்க மாட்டினார். அந்தக் குடும்பத்தைப் பற்றி ஏதாவது பிடிபடும் என்று பார்த்தால், ஒன்றுமே பிடிபடவில்லை. பிறந்தநாள், கடற்கரை, விருந்து, குழந்தை. எந்தப் பிரெஞ்சுக் குடும்பமானாலும் அதே. நம் ஆல்பங்களும் அப்படித்தானே? காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், ஊட்டி. கடன் தொல்லையையோ, பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளியையோ யாராவது படம் எடுத்து ஒட்டியிருக்கிறார்களா?

நீங்கள் பள்ளிக்கூட குரூப் போட்டோவில் எத்தனை தடவை நடுவில் உட்கார்ந்திருப்பீர்கள்! அதில் மூன்றாவது வரிசைப் பையனின் பெயரை இப்போது சொல்ல முடியுமா? தவறான பெயரை நான் எழுதிக் கொடுத்தால், "ஆமாம், அவன்தான்" என்று நீங்களே சொல்வீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன்.

என் மகள் (வயது 13), தன் சின்ன வயதுப் படங்களை ஸ்டேட்டஸில் வைக்கக் கூடாது என்கிறாள். பெற்றவளுக்கு அந்த உரிமை இல்லையா?
*– இல்லத்தரசி, ஓசூர்*

வைக்காதீர்கள். கேட்டுவிட்டாளே, இன்னும் என்ன?

இறந்துபோன அப்பா, அவர் பார்க்காத பேரனைத் தூக்கி வைத்திருப்பதுபோல ஏ.ஐ. மூலம் ஒரு படம் செய்து பிரேம் போட்டோம். அம்மா பார்த்து அழுதாள். மறுநாள் அதைக் கழற்றச் சொல்லிவிட்டாள். நாங்கள் செய்தது தப்பா?
*– மென்பொருள் பணியாளர், கோவை*

தந்திரம் பழையதுதான். அப்பாவின் ஸ்டுடியோவில் இதற்கு ஜாயின்ட் போட்டோ என்று பெயர். வராத மாப்பிள்ளையை, செத்த மாமியாரை வெட்டி ஒட்டி மறுபடி படம் பிடித்து, தையல் தெரியாமல் பிரஷ்ஷால் மூடுவார்கள். உயிரோடிருக்கையில் படமே எடுக்காத கிழவர்களைப் பாடையில் படம் பிடித்து, மூடிய கண்ணைத் திறந்ததாக வரைவதும் உண்டு. மாலை போட்டு மாட்டியிருக்கும் பல படங்களில் அந்த வெறித்த பார்வை அப்படி வந்ததுதான். அப்பா அந்த வேலையை எடுத்தால் அன்றைக்குச் சரியாகச் சாப்பிட மாட்டார்.

சீனோ ஓட்சுகா என்று ஒரு ஜப்பானியக் கலைஞர் இருக்கிறார். பத்து வயதில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனவர். தன் சின்ன வயதுப் படங்களில், அந்தச் சிறுமிக்குப் பக்கத்தில் வளர்ந்த தன்னையே கம்ப்யூட்டரால் கொண்டுபோய் நிறுத்தினார். ஒட்டியது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் படத்தின் தலைப்பில் இரண்டு வருஷத்தையும் போட்டிருப்பார்: '1982, 2005, பாரிஸ், பிரான்ஸ்' என்பதுபோல. பொய் எது என்று அவரே சொல்லிவிடுகிறார். அந்தச் சிறுமிக்கு யாரோ ஒரு சுற்றுலாக்காரியாகத்தான் அவர் தெரிவார், பாருங்கள்.

அம்மாவிடம் கேட்காமல் அவள் கணவரை வரவழைத்துவிட்டீர்கள். அதுதான் வம்பு. கழற்றி வையுங்கள், எறிய வேண்டாம். பின்பக்கம், எப்போது யார் செய்தது என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் பேரன் முப்பது வயதில், தாத்தாவின் மீசை கன்னத்தில் குத்தியதுகூட நினைவிருக்கிறது என்பான்.

2015 வெள்ளத்தில் நனைந்த ஆல்பம். முகங்கள் எல்லாம் கரைந்து வெறும் கலர்த் திட்டுகள். தூக்கிப் போட மனம் வரவில்லை. வைத்திருப்பது பைத்தியக்காரத்தனமா?
*– வாசகி, சென்னை*

இல்லவே இல்லை. 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் யமமோட்டோ என்ற ஊரில், சேற்றிலிருந்து பொறுக்கிய சுமார் 7,50,000 படங்களைத் தன்னார்வலர்கள் கழுவி உலர்த்தி, சொந்தக்காரர்களைத் தேடிக் கொடுத்தார்கள். அடையாளமே தெரியாதபடி கெட்டுப்போனவற்றை எறியாமல், முனேமாசா தகாஹாஷி என்ற புகைப்படக் கலைஞர் பல நாடுகளில் கண்காட்சியாக வைத்தார். ஓரத்தில் ஒரு கை, ஒரு கிமோனோ விளிம்பு மட்டும் மிஞ்சியிருக்கும். நடுவில் மஞ்சளும் சிவப்புமாக ஓடியிருக்கும். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின், நீரில் ஊறினால் நுண்ணுயிர் அதைத் தின்றுவிடுகிறது. அதுதான் உங்கள் கலர்த் திட்டு. பக்கங்களுக்கு நடுவே எண்ணெய்ப்பசை இல்லாத வெள்ளைத் தாள் வைத்து, காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள். எந்தத் திட்டு யார் என்று இப்போதே எழுதி வையுங்கள். உங்களைத் தவிர அதைச் சொல்ல இன்னொருவர் இல்லை.

தாத்தா காலத்து ஸ்டுடியோவை மூடுகிறோம். பரண் நிறைய நெகட்டிவ். பழைய பேப்பர்காரர் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?
*– வாசகர், திருநெல்வேலி மாவட்டம்*

கொடுக்காதீர்கள்! பிலிமில் இருக்கும் வெள்ளிக்காகத்தான் கேட்கிறார். எத்தனையோ ஸ்டுடியோக்களின் கண்ணாடி நெகட்டிவ்களை இதற்கு முன்னால் கழுவிப் படச்சட்டத்துக்குக் கண்ணாடியாக்கிவிட்டார்கள். ஒரு ஊரின் முகங்கள் போயின. தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணத் திட்டத்தின் உதவியோடு செய்திருக்கிறார்கள். முதலில் அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். எந்தப் படம் யாருடையது என்று எழுதிய பதிவு நோட்டு இருந்தால் நெகட்டிவோடு சேர்த்தே வையுங்கள். நோட்டு இல்லாத நெகட்டிவ் பாதி ஊமை.

கையால் கலர் போட்ட கொள்ளுப்பாட்டி படம் பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. எப்படிப் பிரிப்பது?
*– வாசகி, நாகர்கோவில்*

பிரிக்காதீர்கள். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய், வெறும் அட்டைதான் கையில் வரும். முதலில் கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்யுங்கள், 600 டிபிஐ போதும். ஸ்கேனர் இல்லாவிட்டால் ஜன்னலோரம் சாய்த்து, பளபளப்பு விழாத கோணத்தில் நல்ல கேமராவில் எடுங்கள். கண்ணாடி விரிசல் விடாமல் அப்படியே வேறு சட்டத்துக்கு மாற்றலாம், புதிதாகப் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மவுன்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். தண்ணீரில் ஊறவைத்தால் கழன்றுவிடும் என்று யூடியூபில் சொல்வார்கள். சாதாரண கறுப்பு வெள்ளைப் படத்துக்கே அது ஆபத்து, உங்களுடையது கைக்கலர். ஈரத்துணிகூடப் படக் கூடாது, பாட்டியின் கன்னத்து ரோஸ் துணியோடு வந்துவிடும்.